ஒவ்வொரு நாளும் அதே பெயர் பலகையில்

கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருக்கும் வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் பள்ளியும் வெளிவரக் கூடாது என்று கேட்டிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பணியில் இது அவருக்கு நான்காவது ஆண்டு. வகுப்பில் 29 பிள்ளைகள். விதிகளை ஆசிரியரே எழுதி ஒட்டாமல் மாணவர்களோடு சேர்ந்து உருவாக்கினால் நல்லது என்று ஒரு பயிற்சியில் கேட்டவர், பள்ளி திறந்த முதல் வாரமே அதைச் செய்து பார்த்தார். பிள்ளைகள் உற்சாகமாகச் சொல்லச் சொல்ல, மாஜோங் தாளில் (சுவரில் ஒட்டும் பெரிய தாள்) 14 விதிகள் நிரம்பின. கைதூக்கி வாக்கெடுப்பு நடந்தது. கீழே 29 கையெழுத்து. 'இருக்கையை விட்டு எழக் கூடாது', 'தமிழைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது', 'மரியாதை இல்லாமல் நடக்கக் கூடாது' என்று எல்லாமே 'கூடாது'. மீறியவர் பெயரை வகுப்புத் தலைவி வெண்பலகையில் எழுதுவாள். பெயருக்குப் பக்கத்தில் விழும் ஒவ்வொரு கோட்டுக்கும் 20 சென் அபராதம். அதுவும் பிள்ளைகள் சொன்ன யோசனைதான்.

ஆறு வாரத்தில் வகுப்பே மாறிப்போனது என்கிறார். ஏடிஎச்டி (கவனம் சிதறி, உடம்பு அடங்காமல் துறுதுறுக்கும் நிலை) இருப்பதாக மருத்துவமனையில் எழுதிக் கொடுத்திருக்கும் ஒரு பையனுக்கு, ஓய்வு நேர மணி அடிப்பதற்குள் ஏழு கோடு விழுகிறது. மலாய் வழித் தேசியப் பள்ளியிலிருந்து மாறி வந்த ஒரு பெண் பிள்ளை. வீட்டில் மலாயும் ஆங்கிலமும்தான். அவள் எழுந்து "டீச்சர், தண்டாஸ் போகணும்" என்று கழிவறைக்கு மலாய்ச் சொல்லைச் சொன்னதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் "இருபது சென்!" என்று கத்தியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் வகுப்பில் வாய் திறப்பதில்லை. வகுப்புக்கு வந்த ஒரு பெற்றோர் பலகையைப் படமெடுத்துப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டுவிட்டார். பையனை வேறு வகுப்புக்கு மாற்றுங்கள் என்று மூன்று பேர் அங்கேயே எழுதினார்கள். அவன் அம்மா பள்ளி வாசலில் நின்று அழுதார். மூத்த ஆசிரியர் ஒருவரோ, "அடியாத மாடு படியாது. பிள்ளைங்க கையில விதியைக் கொடுத்தா இப்படித்தான், ரோத்தானை எடு" (ரோத்தான் என்றால் பிரம்பு) என்று சொல்லியிருக்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட விதியை அமல்படுத்துவது நியாயம்தானே? அந்தப் பையனைச் சிறப்புக் கல்வி வகுப்புக்கு மாற்றச் சொல்லலாமா? தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழையபடி என் விதிகளையே எழுதிவிடட்டுமா?

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகளைக் கேட்டதே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல மனதோடு சரியான வேலையைத்தான் தொடங்கியிருக்கிறீர்கள். எல்லோரையும் கேட்கவில்லை, அதுதான் சிக்கல். கடிதத்தின் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'முன்வரிசைப் பிள்ளைகள்தான் நிறையச் சொன்னார்கள்.' என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு உட்கார்ந்திருப்பது கஷ்டமில்லை. தமிழ் தடுமாறாது. அவர்களுக்கு ஏற்கெனவே எளிதாக இருப்பதெல்லாம் விதியாகிவிட்டது. யாருக்கு அது கடினமோ அவர்கள் கடைசியில் வந்து கையெழுத்து மட்டும் போட்டார்கள்.

கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இருக்கிறதா?

28 கைகள் மேலே போகும்போது ஒரு கை மட்டும் கீழேயே இருக்குமா? பதினொரு வயதில் அந்தத் துணிச்சல் யாருக்கு வரும்? அரைமணி நேரம் அசையாமல் உட்கார முடியாது என்று அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டிருப்பான். எல்லோரோடும் சேர்ந்து இருக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கும் உண்டு. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் 1971ஆம் ஆண்டு வயதுவரம்புச் சட்டமும் 18 வயது ஆகாதவர் செய்யும் ஒப்பந்தத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. வகுப்பறையை நீதிமன்றமாக்க இதைச் சொல்லவில்லை. 'நீதானே கையெழுத்துப் போட்டாய்' என்று ஒரு பிள்ளையை மடக்கும்போது, பெரியவர்களிடம் கேட்பதைவிட அதிகமாக அவனிடம் கேட்கிறோம். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மலேசியா 1995இல் ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை ஒப்பந்தத்தில் இணைந்தது. அதன் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை உண்டு என்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்தை மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பெரும்பான்மைக்குப் பணிந்து போவதையும் கருத்துச் சொல்வதையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம். கழிவறைக்குப் போகணும் என்று ஒரு பிள்ளை எந்த மொழியில் கேட்டாலும் அனுப்பத்தான் வேண்டும். 28 பேர் வாக்களித்தாலும் அது மாறாது.

அபராதத்தை நாளைக்கே நிறுத்திவிடுங்கள். பள்ளியில் பிள்ளைகளிடம் பணம் வாங்குவதற்கு முறை உண்டு. தலைமையாசிரியருக்குத் தெரியாமல், கணக்கில்லாமல் வகுப்பில் சேரும் சில்லறை நாளை உங்கள் தலையில்தான் விழும். அதைவிட எனக்கு வலிப்பது வேறு. ஏழைப் பிள்ளைகளுக்கான கூடுதல் உணவுத் திட்டத்தில் பெயர் இருக்கும் பிள்ளைகள் சிலர் காசே இல்லாமல் பள்ளிக்கு வருவார்கள். அவர்கள் 20 சென்னை எங்கிருந்து கொண்டுவருவார்கள்? தண்டனையைப் பிள்ளைகளே கேட்டார்கள் என்கிறீர்கள். கேட்பார்கள். சிறு பிள்ளைகள் கடுமையான தண்டனையையே நியாயமானது என்று நினைப்பதை உளவியலாளர் ழான் பியாஜே 1930களிலேயே எழுதிவைத்திருக்கிறார். அதனால் தண்டனையை அவர்களிடம் விடாதீர்கள். அது பெரியவர்கள் சுமக்க வேண்டிய பொறுப்பு.

ரோத்தான் பற்றி இரண்டு வரி போதும். 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளின் கீழ் அந்த அதிகாரம் தலைமையாசிரியருக்கும், அவர் எழுத்து மூலம் ஒப்படைத்தவருக்கும்தான். பெண் பிள்ளைகளை அடிக்கவே கூடாது. வகுப்பாசிரியர் நினைத்தபோது எடுக்கும் கருவி அல்ல அது. அந்த மூத்தவரிடம் வாதாட வேண்டாம். அவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பையனை மாற்றும் யோசனை

இதில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது. கல்வி அமைச்சும் 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை வைத்திருக்கிறது. சிறப்புக் கல்வி வகுப்பு சில பிள்ளைகளுக்கு நல்ல இடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அது மருத்துவர் போன்ற தகுதியுள்ளவரின் உறுதிச்சான்றோடு, பெற்றோரோடு பேசி, மூன்று மாதம் வரை சோதனைக் காலம் வைத்து எடுக்கும் முடிவு. மூன்று பெற்றோர் புலனத்தில் எழுதியதால் எடுக்கும் முடிவு அல்ல. வழக்கமான வகுப்பிலேயே உதவியோடு படிக்கும் உள்ளடக்கக் கல்வித் திட்டமும் இருக்கிறது. சமூகநலத் துறையின் மாற்றுத்திறனாளி அட்டையில் ஏடிஎச்டி கற்றல் குறைபாடு என்ற பிரிவில் வரும். அட்டை எடுப்பதும் எடுக்காததும் அந்தத் தாயின் விருப்பம், நெருக்கடி கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. அவன் வேண்டுமென்றே எழுவதாக இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைக்கு உடம்பை நிறுத்தி வைப்பதே பெரிய வேலை. முழுக் கவனமும் அசையாமல் இருப்பதில் செலவானால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்? பின்சுவர் ஓரம் நின்றுகொண்டு எழுத ஒரு மேசை, இரண்டு பயிற்சிக்கு ஒரு முறை புத்தகங்களை வாங்கி அடுக்கும் பொறுப்பு, பெயர் சொல்லி அழைக்காமல் மேசை ஓரத்தை நீங்கள் மெதுவாகத் தட்டும் ஒரு சைகை. இந்த மூன்றையும் அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். அவனுக்கு எது உதவும் என்று அவனுக்கே தெரிந்திருக்கும்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

'அவனுக்கு மட்டும் ஏன்?' என்று மற்றவர்கள் கேட்பார்கள் என்பது உங்கள் பயம். நான் போயிருந்த ஒரு வகுப்பில் இதே கேள்வி வந்தது. நான் பதில் யோசிப்பதற்குள் ஒரு பெண் பிள்ளை சொன்னாள்: "வீட்ல தம்பிக்கு மட்டும் அம்மா மீன் முள்ளை எடுத்துட்டுத் தருவாங்க. எனக்கு எடுக்கத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சோறு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்." அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

தமிழ் மட்டும் என்ற விதி

இதை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. 1816இல் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க் கல்வியை, தோட்டத்திலும் நகரத்திலும் எத்தனையோ பேர் கைக்காசு போட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழ் பேசு என்பது எனக்கும் உயிரான விஷயம். அதனால்தான் சொல்கிறேன்: அந்த வீட்டில் தேசியப் பள்ளியை விட்டுவிட்டுத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கிறார்கள். அப்படி வந்தவளைச் சிரித்தும் காசு பிடுங்கியும் ஊமையாக்கிவிட்டோம். வெட்கப்பட்ட நாக்கில் மொழி ஏறாது.

விதியைத் திருப்பிப் போடுங்கள். 'தமிழில் சொல்ல முயல்வோம். சொல் தெரியாவிட்டால் தெரிந்த மொழியில் சொல்வோம், பக்கத்தில் இருப்பவர் தமிழ்ச்சொல்லை எடுத்துக் கொடுப்பார்.' இதில் அவளுக்கும் வேலை இருக்கிறது, மற்ற 28 பேருக்கும் வேலை இருக்கிறது. தேசிய மொழியான மலாய்ப் பாடத்தில் அதே உதவியை அவள் மற்றவர்களுக்குத் தருவாள், பாருங்கள். அப்புறம், கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் கண்டுசொன்னார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மலாயில் யோசித்துத் தமிழில் சொல்ல வேண்டிய பிள்ளைக்கு அந்த மூன்று விநாடி பெரிய உதவி.

தாளைக் கிழிக்க வேண்டாம், மீண்டும் எழுதுங்கள்

கிழித்துவிட்டு உங்கள் விதிகளை ஒட்டினால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: 'டீச்சர் கேட்டது சும்மா.' அடுத்த முறை யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்கள்.

சேர்ந்து முடிவெடுப்பதற்குப் பலன் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு வந்தபோது, இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகளைச் சமைக்க இல்லத்தரசிகளைப் பழக்க வேண்டியிருந்தது. உளவியலாளர் கர்ட் லெவின் சில குழுக்களுக்குச் சொற்பொழிவு ஏற்பாடு செய்தார். சில குழுக்களைத் தங்களுக்குள் பேசி முடிவெடுக்க விட்டார். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 விழுக்காட்டினரே சமைத்துப் பார்த்தார்கள், பேசி முடிவெடுத்தவர்களில் 32 விழுக்காட்டினர். அந்த 32ஐயும் கவனியுங்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அப்போதும் மாறவில்லை. ஒரு நாள் பேசிவிட்டால் வகுப்பு திருந்திவிடும் என்று உங்கள் பயிற்சியில் சொல்லியிருந்தால், அது நடக்காத காரியம்.

எப்படித் தொடங்குவது? முதலில் நீங்களே பிள்ளைகள் முன் நின்று சொல்லுங்கள்: "இந்த விதிகளை எழுதும்போது நான் எல்லோரையும் கேட்கவில்லை. அது என் தவறு. மறுபடி எழுதப் போகிறோம்." யார் பெயரையும் எடுக்காதீர்கள். கண்கள் அந்த இருவர் பக்கம் திரும்பவும் விடாதீர்கள்.

பிறகு ஆளுக்கொரு சிறு காகிதம். 'என்ன விதி வேண்டும்?' என்று கேட்டால் மறுபடியும் 'கூடாது' பட்டியல்தான் வரும். இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த வகுப்பில் எப்போது உனக்குப் படிக்க எளிதாக இருக்கிறது? எப்போது கஷ்டமாக இருக்கிறது? பெயர் எழுத வேண்டாம். எந்த மொழியிலும் எழுதலாம், படமும் வரையலாம். அந்தக் காகிதங்களை வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் படியுங்கள். ஒரு பள்ளியில் எனக்கு வந்த காகிதம் இன்னும் நினைவிருக்கிறது. நான்கு முறை அழித்து எழுதியதில் தாள் லேசாகக் கிழிந்திருந்தது: 'நான் பேசி முடிக்கும் வரை யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்.' திக்கிப் பேசும் பிள்ளை. உதவி செய்வதாக நினைத்து, ஆண்டு முழுக்க அவன் வாக்கியங்களை வகுப்பே முடித்துவைத்துக்கொண்டிருந்தது. நானும் அன்று காலை ஒரு முறை அதையே செய்திருந்தேன்.

மறுநாள் அந்தக் காகிதங்களில் வந்த விஷயங்களை, கையெழுத்துத் தெரியாமல் நீங்கள் படியெடுத்து, சிறு குழுக்களிடம் கொடுங்கள். நான்கைந்து வழக்கங்கள் போதும், 14 வேண்டாம். 'மரியாதை' என்று வந்தால் அங்கே விட்டுவிடாதீர்கள். டீச்சர் வந்தால் எழுந்து நிற்பது என்பார்கள். சரி, பக்கத்தில் இருப்பவன் தப்பாகப் பதில் சொன்னால் மரியாதை எப்படி இருக்கும்? குழு வேலையில் ஒருவரை யாருமே கூப்பிடவில்லை என்றால்? கண்ணால் பார்க்கும்படி, காதால் கேட்கும்படி அவர்கள் சொல்லும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள். இந்தப் பகுதிக்கு ஒரு முழுப் பாடவேளை போனாலும் பரவாயில்லை, நன்னெறிக்கல்வி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

வாக்கெடுப்பும் வேண்டாம். "இது யாருக்காவது கடினமாக இருக்குமா? என்ன மாற்றினால் முடியும்?" என்று கேளுங்கள். கைதூக்க வெட்கப்படுபவர்களுக்காக ஒரு பெட்டி வையுங்கள். சில விஷயங்களைப் பேச்சுக்கே விடாதீர்கள்: அடிப்பது, நிறத்தையும் உடம்பையும் வீட்டு நிலைமையையும் சொல்லிக் கேலி செய்வது. அவை உங்கள் வாயால் வரும் கண்டிப்பான விதிகள், பேரம் கிடையாது. நம் பிள்ளைகள் 'கருப்பு' என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சிரிப்பதை விளையாட்டு என்று நாம் நிறைய நாள் விட்டுவிட்டோம்.

பட்டியலில் ஒன்றாவது உங்களைக் கட்டுப்படுத்த வேண்டும். 'டீச்சர் யாரையும் இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பேச மாட்டார்' என்று அவர்கள் எழுதினால் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் மீறிய அன்று பிள்ளைகள் முன் அதைச் சொல்லுங்கள். கை தளர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். என் அனுபவத்தில் அப்படிச் சொன்ன ஆசிரியர்களின் பேச்சுக்குத்தான் வகுப்பில் மதிப்புக் கூடியிருக்கிறது.

யாராவது மீறினால் பலகை வேண்டாம், வகுப்புத் தலைவிக்குக் காவல் வேலையும் வேண்டாம். அவளும் பதினொரு வயதுப் பிள்ளை. தோழிகளை இழந்துகொண்டிருப்பாள், விசாரித்துப் பாருங்கள். தனியாகக் கூப்பிட்டு மூன்று கேள்வி: என்ன நடந்தது, யாருக்குக் கஷ்டமானது, எப்படிச் சரிசெய்யப் போகிறாய்? வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்கி, எந்த வழக்கம் இந்த வாரம் நடந்தது, எது நடக்கவில்லை என்று வகுப்போடு பேசுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஒன்று நடக்கவில்லை என்றால் பிள்ளைகளைத் திட்டாதீர்கள், வழக்கத்தை மாற்றி எழுதுங்கள்.

புலனக் குழுவும் அந்த அம்மாவும்

படம் போட்டவரிடம் அதை நீக்கச் சொல்லித் தனியாகப் பேசுங்கள். குழுவில் விளக்கம் எழுதாதீர்கள். எழுத எழுத வளரும். துணைத் தலைமையாசிரியரிடம் நீங்களே முதலில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், பெற்றோர் வழியாக அவருக்குப் போக வேண்டாம். உங்கள் பள்ளியில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கல்வி அலுவலகத்தில் சிறப்புக் கல்விக்கும் ஆலோசனைக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள். பள்ளி மூலம் கடிதம் கொடுத்துக் கேட்கலாம்.

அந்த அம்மாவை இந்த வாரமே பாருங்கள். வாசலில் வேண்டாம், உள்ளே அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அவன் செய்யும் தப்புகளின் பட்டியலை அவர் நிறையக் கேட்டிருப்பார். அவன் நன்றாகச் செய்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அறிவியல் பாடத்தில் மின்சுற்றில் விளக்கை வகுப்பிலேயே முதலாவதாக எரியவைத்தவன் அவன்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள். பிறகு, வீட்டில் அவன் அமைதியாக உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்கும்போது சுற்றிலும் என்ன இருக்கும், யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.